எண் இருக்கிறது, சூத்திரம் எங்கே?

நமது கடைகள் பலவற்றில் இன்று பில் போடுவதற்கு ஏதோ ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆனால் அந்த மென்பொருளுக்குள் போகும் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் எக்ஸெல் தாளில்தான். டொலர் விலையை ரூபாவாக்குவது, துறைமுகச் செலவையும் லொறிக் கூலியையும் பொருளுக்குப் பொருள் பங்கிடுவது, வற் வரியைச் சேர்ப்பது, கடைசியில் லாபத்தை வைத்து விலைப்பட்டியல் அச்சிடுவது எல்லாம் அதில்தான் நடக்கிறது. எப்போதோ படித்த பிள்ளை ஒருவர் போட்டுக் கொடுத்த தாளையே வருடா வருடம் கொப்பி பண்ணிப் பாவிக்கும் கடைகள் எனக்குத் தெரிந்தே பத்துக்கு மேல் இருக்கும். லாச்சிக்குப் பூட்டு இருக்கிறது, களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டு இருக்கிறது. அந்தத் தாளுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

எக்ஸெல் தாளில் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வகைக் கட்டங்கள் உண்டு. ஒன்று, நாம் கையால் எண்ணைப் போடும் கட்டம். மற்றது, சம அடையாளத்துடன் தொடங்கும் சூத்திரம் உள்ள கட்டம். இதைத்தான் கடைப் பையன்கள் ஃபோர்மியூலா என்பார்கள். சூத்திரம் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது விடை மட்டுமே. அந்த விடையின் மேல் ஒருவர் 750 என்று தட்டி என்டர் சாவியை அழுத்தினால் சூத்திரம் போய்விடும். எக்ஸெல் எச்சரிக்காது, மணி அடிக்காது, கட்டம் சிவக்காது. முன்பு எண் இருந்த இடத்தில் இப்போதும் எண்தான் இருக்கிறது.

அன்றைக்கு அதனால் எந்தக் கெடுதியும் வராது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. கையால் போட்ட எண் அன்றைய கணக்குக்குச் சரியாகவே இருக்கும். டொலர் ஏறும்போது, வரி மாறும்போது, கப்பல் கூலி கூடும்போது மற்றக் கட்டங்கள் எல்லாம் அசையும். இது மட்டும் செத்த பல்லி போல அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

2022 ஆம் ஆண்டை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியதும் மே மாதத்தில் 360 ரூபாவை நெருங்கியது. அந்த நாட்களில் கெய்சர் வீதியில் வீட்டுப் பாவனைப் பொருட்கள் மொத்தமாக விற்கும் என் நண்பர் ஒருவரின் கடையில் நடந்ததை உதாரணமாகச் சொல்கிறேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் போன நேரம் முகம் மலர்ந்திருந்தது. "ஊரெல்லாம் வியாபாரம் இல்லாம இரிக்கிது தம்பி, நம்மட கிளாஸ் செட் மட்டும் பறக்குது" என்றார். வாங்கிப் போனவர்கள் யார் என்று கேட்டேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஏதோ இடித்தது. மொத்த வியாபாரியிடம் பக்கத்து மொத்த வியாபாரி பெட்டி பெட்டியாக வாங்கினால், அது அன்புக்காக அல்லவே! "நாநா, விலைய ஒருக்கா பாருங்களேன்" என்றேன். மருமகன் கணினியைத் திறந்தார்.

தாளின் தலையில் டொலர் விலைக்கு ஒரு கட்டம். மருமகன் தினமும் காலையில் அதை மாற்றுவார். அறுநூறு பொருட்களுக்கு மேல் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துத்தான் விலை எடுத்துக்கொண்டிருந்தன. கிளாஸ் செட்டின் விற்பனை விலைக் கட்டத்தில் சுட்டியை வைத்ததும் மேலே உள்ள பட்டையில் சூத்திரம் வரவில்லை. வெறும் 750 வந்தது.

கணக்கு விளங்குவதற்காக எண்களைச் சற்று எளிதாக்கிச் சொல்கிறேன். செட் ஒன்று 2.50 டொலர். டொலர் 200 ரூபாவாக இருக்கும்போது 500 ரூபா. இதர செலவுகள் 30 வீதம் சேர்ந்தால் 650. அதில் 15 வீத லாபம் வைத்தால் 747 ரூபா 50 சதம். 50 சதத்துக்குச் சில்லறை எங்கே தேடுவது? 2021 ஆம் ஆண்டின் கடைசியில் விற்பனைப் பையன் நல்லெண்ணத்தோடு அந்த இடத்தில் 750 என்று போட்டுவிட்டார். டொலர் 360 ஆனபோது அதே செட் கடைக்கு வந்து சேரும் விலை 1,170. விற்பனை விலை 1,345 ரூபா 50 சதமாக இருந்திருக்க வேண்டும். தாளோ 750 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பழைய சரக்குத்தானே, 650க்கு வந்ததை 750க்கு விற்றால் லாபம்தானே என்று சிலர் கேட்கலாம். கொப்பியில் லாபம்தான். பெட்டிக்கு 24 செட் வீதம் 40 பெட்டி போயிருந்தது, அதாவது 960 செட். கைக்கு வந்தது 720,000 ரூபா. அதே 960 செட்டை மீண்டும் இறக்க வேண்டுமானால் 1,123,200 ரூபா வேண்டும். 403,200 ரூபா குறைகிறது. பழைய சரக்கைப் பழைய விலைக்கே கொடுப்போம் என்று ஒரு முதலாளி யோசித்து முடிவெடுத்தால், அந்த நல்ல மனதைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. இங்கே அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை. பலன் வீட்டுக்கு வாங்கிப்போன மக்களுக்கும் போகவில்லை, பக்கத்துக் கடைக்குத்தான் போனது. அன்று பின்னேரமே தேடியதில் அதே தாளில் இன்னும் பதினொரு பொருட்கள் இப்படி அகப்பட்டன.

அந்தப் பையனை ஏசுவதற்கு முதலாளி வாய் திறந்தார். அந்தப் பையனில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை. கடையில் சூத்திரங்கள் அழிவதற்குக் கவனக்குறைவுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்த அளவில் பாதிக்கு மேற்பட்டவை வேலை தெரிந்த ஆட்கள் தெரிந்தே போட்ட எண்கள். 747.50 என்று விலை சொல்ல முடியாது, அதனால் 750. பழைய வாடிக்கையாளர் அக்கரைப்பற்றிலிருந்து வந்து பேரம் பேசினார், அதனால் 730. லொறி ஒருமுறை கூடுதலாக எடுத்துவிட்டது, அதனால் செலவுக் கட்டத்தில் கையால் ஓர் எண். இவையெல்லாம் வியாபாரத்தில் நியாயமான காரியங்கள். அவற்றுக்கு அந்தத் தாளில் இடமில்லை. இடமில்லாதபடியால் கை போன இடத்தில் போடுகிறார்கள்.

எனவே பூட்டைப் பற்றி யோசிக்கும் முன்னர் இடம் கொடுக்க வேண்டும். விலையை ஐந்து ரூபாவுக்கோ பத்து ரூபாவுக்கோ முழுமையாக்கும் வேலையைச் சூத்திரத்திடமே விட்டுவிடலாம். எக்ஸெல்லில் சீலிங் என்று ஒரு சார்பு உண்டு. 747.50ஐ ஐந்தின் மடங்குக்கு உயர்த்து என்றால் 750 என்று தரும். டொலர் மாறினால் அதுவும் மாறும். பேரத்துக்கு, விற்பனை விலைக்குப் பக்கத்தில் "விசேட விலை" என்று ஒரு வெற்று நிரல் வையுங்கள். அதில் எண் இருந்தால் அதை எடு, வெறுமையாக இருந்தால் கணக்குப்படி வந்த விலையை எடு என்று பட்டியல் விலைக்கு ஒரு சூத்திரம் போட்டால் போதும். பையன் அக்கரைப்பற்று வாடிக்கையாளருக்கு 730 போடட்டும். அந்த நிரலைப் பார்த்த மாத்திரத்தில் எந்தெந்தப் பொருளுக்குக் கைவிலை போட்டிருக்கிறது என்று முதலாளிக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அதை அழித்தால் பழைய சூத்திரம் பழையபடி நிற்கும்.

சூத்திரங்கள் மொத்தமாகச் சாகும் இன்னொரு நாள் மாத முதலாம் திகதி. சென்ற மாதத் தாளைக் கொப்பி எடுத்து, பெயரை மாற்றி, பழைய எண்களை அழித்துவிட்டுப் புது மாதத்தைத் தொடங்குவது நம்மவர் வழக்கம். அழிக்கும்போது மௌஸை இழுத்த இழுப்பில் இருப்பு நிரலும் சேர்ந்து போய்விடும். பிறகு கல்குலேட்டரில் தட்டி எண்களை நிரப்புவார்கள். கணினியில் கல்குலேட்டர் விடையை எழுதுவதற்குப் பழைய சீ.ஆர். கொப்பியே போதுமே! மாதத் தாள் வைத்திருப்பவர்கள் எண் எதுவும் போடாத, சூத்திரங்கள் மட்டும் உள்ள மூலப் பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். ஒவ்வொரு மாதமும் அதிலிருந்து கொப்பி எடுங்கள். பழைய தாளைத்தான் துடைக்க வேண்டும் என்றால், எஃப் 5 சாவியை அழுத்தி, ஸ்பெஷல் என்பதில் கொன்ஸ்டன்ட்ஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதன் கீழ் டெக்ஸ்ட் என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு எண்களை மட்டும் விடுங்கள். கையால் போட்ட எண்கள் மட்டும் தெரிவாகும், தலைப்புகளும் சூத்திரங்களும் தப்பும். டொலர் விலை, வரி வீதம் போன்ற கட்டங்களும் எண்கள்தான் என்பதால், அவை இருக்கும் பகுதியை விட்டுவிட்டு மற்றப் பகுதியைக் குறித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும்.

இனிப் பூட்டு. எக்ஸெல்லில் தாளைப் பூட்டலாம் என்பது பலருக்குத் தெரியும். ஒருமுறை செய்து பார்த்து, ஒரு கட்டத்திலும் எழுத முடியாமல் போய், கோபத்தில் கழற்றி எறிந்தவர்களையும் எனக்குத் தெரியும். காரணம் இதுதான். எக்ஸெல்லில் புதிய தாள் ஒன்றில் எல்லாக் கட்டங்களும் ஏற்கனவே பூட்டியவை என்றே குறிக்கப்பட்டிருக்கும். தாளுக்குப் பாதுகாப்புப் போடும்வரை அந்தக் குறிக்கு வேலை இல்லை. போட்டவுடன் அத்தனையும் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் திறக்க வேண்டியவற்றைத் திறந்துவிட வேண்டும். கையால் நிரப்பும் கட்டங்களை மட்டும் தெரிவு செய்து, வலப்பக்கச் சொடுக்கில் ஃபோர்மட் செல்ஸ், அதில் புரொடெக்ஷன், அங்கே லொக்ட் என்பதற்கு முன்னால் உள்ள அடையாளத்தை நீக்குங்கள். அதே கையோடு அந்தக் கட்டங்களுக்கு இளமஞ்சள் நிறமும் கொடுத்துவிடுங்கள். மஞ்சளில் எழுதலாம், மற்றதில் கைவைக்கக் கூடாது என்று புதிதாக வரும் பையனுக்கும் ஒரே வரியில் சொல்லிக் கொடுக்கலாம். அதன் பிறகு மேலே ரிவியூ என்பதில் புரொடெக்ட் ஷீட்.

அங்கே வரும் பட்டியலில் செலெக்ட் லொக்ட் செல்ஸ் என்ற முதலாவது அடையாளத்தையும் எடுத்துவிடுவது என் பழக்கம். பிறகு பூட்டிய கட்டத்தில் சுட்டி உட்காரவே மாட்டாது. டெப் சாவியை அழுத்தினால் ஒரு மஞ்சள் கட்டத்திலிருந்து அடுத்த மஞ்சள் கட்டத்துக்குத் தாவும். பில் கட்டுகளை வைத்துக்கொண்டு வேகமாகப் பதிபவர்களுக்கு இது பெரிய உதவி. முன்பு ஒரு மணித்தியாலம் எடுத்த வேலை குறைகிறது என்று அவர்களே சொல்வார்கள். பூட்டு அவர்களை நம்பாததற்காக என்ற மனக்கசப்பும் அதோடு போய்விடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் பாவிப்பவர்களுக்கும் இந்தப் பூட்டு வசதி உண்டு.

கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விடலாம். தவறிப் பட்ட விரலைத் தடுக்க அது போதும். போடுவதானால் முதலாளியிடம் எழுத்தில் இருக்கட்டும். கடவுச்சொல் தெரிந்த கணக்குப்பிள்ளை வெளிநாடு போன பின்னர் சொந்தத் தாளுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டி வரக்கூடாது. இந்தப் பூட்டைத் திருடனுக்கான பூட்டு என்றும் நினைத்துவிடாதீர்கள். இது பாதுகாப்புக்கான ஏற்பாடு அல்ல என்று மைக்ரோசொஃப்ட் நிறுவனமே சொல்கிறது. கொள்விலையை யாருக்கும் காட்டக் கூடாது என்றால் அந்தக் கோப்பைக் கவுன்டர் கணினியில் வைக்கவே கூடாது.

பூட்டினால் சில அசௌகரியங்கள் வரும். இடையில் புது நிரை செருக முடியாது. பாதுகாப்புப் போடும்போது அதற்கான அடையாளத்தை இட்டால் செருகலாம். ஆனால் புதிய நிரைக்குச் சூத்திரம் தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. பெயர் வாரியாக அடுக்குவதும் மறுக்கப்படும், பூட்டிய கட்டங்கள் உள்ள பகுதியை எக்ஸெல் அடுக்கித் தராது. இதற்கு நான் கண்ட எளிய வழி, தேவைக்கு மேலாக இருநூறு முந்நூறு நிரைகளுக்குச் சூத்திரத்தை முன்கூட்டியே இழுத்து வைப்பதுதான். பொருளின் பெயர் வெறுமையாக இருந்தால் விடையையும் வெறுமையாக விடு என்று சூத்திரத்தில் சேர்த்தால், காலி நிரைகளில் பூச்சியங்கள் வரிசையாக நின்று கண்ணைக் குத்தாது. பொருட்கள் ஆயிரக்கணக்கில் உள்ளவர்கள் பதிவதற்கு ஒரு தாள், கணக்குக்கு இன்னொரு தாள் என்று பிரித்துவிடுவது நல்லது. பதியும் தாளில் சூத்திரமே இருக்காது. அழிவதற்கும் ஒன்றும் இருக்காது.

இன்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் கம்பனிகள் அனுப்பும் விலைப்பட்டியலை அப்படியே கொப்பி எடுத்து ஒட்டும் பழக்கம் வந்திருக்கிறது. ஒட்டும்போது எண்ணோடு நிறமும் எழுத்தும் மட்டுமல்ல, பூட்டும் கூடவே வரும். அடுத்த கோப்பில் பூட்டியதாகக் குறித்திருந்த கட்டத்தை இங்கே மஞ்சள் கட்டத்தில் ஒட்டினால், மஞ்சள் கட்டமும் பூட்டிக்கொள்ளும். நாளைக்கு அதில் எழுத முடியாமல் பையன் திணறுவார். பேஸ்ட் ஸ்பெஷல் என்பதில் வெலியூஸ் என்று கொடுத்து எண்ணை மட்டும் ஒட்டச் சொல்லுங்கள்.

கொப்பி எடுத்து ஒட்டுவதால் வந்த நட்டத்துக்குப் பெரிய கம்பனிகளும் தப்பவில்லை. 2003 ஆம் ஆண்டில் கனடாவின் ட்ரான்ஸ்அல்டா என்ற மின்சாரக் கம்பனி கேள்விப்பத்திர விலைகளை எக்ஸெல்லில் தவறாக வெட்டி ஒட்டியதில் 24 மில்லியன் டொலரை இழந்தது. 2012 இல் ஜே.பி. மோர்கன் வங்கி லண்டனில் 6 பில்லியன் டொலருக்கு மேல் நட்டப்பட்டது. அதன் காரணங்கள் பல. என்றாலும் அங்கே ஆபத்தை அளந்த கணக்கு, கையால் ஒரு விரிதாளிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டி ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது என்று வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே எழுதியது.

தொலைபேசியில் கூகுள் ஷீட்ஸ் பாவிப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அதிலும் பூட்டு உண்டு. ஆனால் கோப்பின் சொந்தக்காரரை அந்தப் பூட்டு தடுக்காது. பையனுக்குப் பூட்டிவிட்டு, பிரயாணத்தில் பெருவிரலால் சூத்திரத்தை அழித்துவிடுபவர் பெரும்பாலும் முதலாளிதான்! பூட்டுக்குப் பதிலாக, கைவைத்தால் எச்சரிக்கை காட்டு என்ற தெரிவை எடுத்தால் சொந்தக்காரருக்கும் ஒரு கேள்வி வரும். கூகுளில் உள்ள நன்மை, பழைய நிலைகள் சேமிக்கப்பட்டிருப்பது. நேற்று இருந்த தாளைத் திரும்ப எடுக்கலாம். கணினியில் சாதாரணமாகச் சேமித்த எக்ஸெல் கோப்பில் கொன்ட்ரோல் சாவியும் இஸட்டும் உதவுவது கோப்பை மூடும்வரைதான்.

இன்னொரு விடயமும் இதோடு சேர்ந்தது. சூத்திரம் உயிரோடு இருந்தும் அதற்குள்ளே எண்ணைப் புதைத்து வைத்தால் பலன் ஒன்றுதான். வற் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆனது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டம்பரில் மீண்டும் 15, 2024 ஜனவரியில் 18. வரி வீதத்தைத் தனிக் கட்டத்தில் வைத்து எல்லாச் சூத்திரங்களும் அதைப் பார்க்கும்படி செய்தவர் ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணை மாற்றினார். சூத்திரத்துக்குள்ளேயே 8 வீதத்தை எழுதியவர் நிரை நிரையாகத் தேடினார். தேடித் தவறியது ஒன்று என்றாலும், 200,000 ரூபா பில்லில் 30,000 வசூலிக்க வேண்டிய இடத்தில் 16,000 மட்டும் வாங்கியிருப்பார். மீதி 14,000ஐ இறைவரித் திணைக்களம் வாடிக்கையாளரிடம் போய்க் கேட்காது.

உங்கள் கடைத் தாளில் இப்போது எத்தனை சூத்திரங்கள் செத்திருக்கின்றன என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கொன்ட்ரோல் சாவியை அழுத்தியபடி, சாவிப்பலகையில் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் உள்ள சாவியை அழுத்துங்கள். விடைகள் மறைந்து சூத்திரங்கள் வெளியே வரும். விலை நிரலை மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே மாதிரி நீளமான சூத்திரங்களுக்கு இடையில் வெறும் எண் ஒன்று நின்றால் அதுதான் ஆள். அதே சாவிகளை மறுபடி அழுத்தினால் தாள் பழையபடி ஆகும். அகப்பட்ட கட்டத்துக்கு மேலே நல்ல சூத்திரம் இருந்தால் அதை இழுத்துவிடலாம். நிரல் முழுவதும் போயிருந்தால் சென்ற மாதக் கோப்பைத் திறந்து பாருங்கள், அநேகமாக அதில் உயிரோடு இருக்கும். திருத்துவதற்கு முன்னர் அந்தப் பழைய எண்ணை ஒரு கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு எத்தனை பெட்டி போயிருக்கிறது என்று பில் புத்தகத்தில் தேடும்போது தேவைப்படும்.